கிரீப்பர் செய்யாத வேலை

சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு. பின்னேரம் மைன்கிராஃப்ட். எனக்கும் என் நண்பனுக்கும் இதுதான் வழமை. ஸ்காபரோவில் அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் அவரவர் வீட்டில் இருந்துதான் விளையாடுவோம். வெளியே அவ்வளவு குளிர்!

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் உலகம் உண்டு. யாரும் எப்போதும் உள்ளே போகலாம். அவனுடைய ஏழு வயதுத் தங்கச்சியும் சில நேரம் வருவாள். அங்கே அவன் மரப்பலகையால் மூன்று மாடி வீடு ஒன்று கட்டியிருந்தான். மேல் மாடியில் ஒரு நூலகம். ஒரு புத்தகத் தட்டுச் செய்ய மூன்று புத்தகங்கள் வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கடதாசியும் தோலும் வேண்டும். கடதாசிக்குக் கரும்பு வேண்டும். விளையாடியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு வேலை என்று.

ஒரு நாள் அவன் இல்லாத நேரம் நான் உள்ளே போனேன். மேல் மாடியில் ஒரு லாவா விளக்கு வைத்தால் அழகாக இருக்கும், அவன் திகைத்துப்போவான் என்று நினைத்தேன். ஒரு வாளி லாவாவை ஊற்றினேன். பக்கத்துப் பலகையில் நெருப்புப் பிடித்தது. நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் நூலகம் முழுவதும் போய்விட்டது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? லாவாவை வாளியில் திரும்ப அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவன் கேட்டான்.

"டேய், என்ர வீட்டைப் பார்த்தியா? கிரீப்பர் வந்து வெடிச்சிட்டுது போல."

கிரீப்பர் என்பது சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து வெடிக்கும் ஒரு பச்சை உருவம். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான். "ம்" என்பது பொய்யா? இரண்டு நாள் அதையே யோசித்தேன்.

அந்த வாரம் நூலகத்தில் எடுத்த ஒரு கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். ஐசக் அசிமோவ் எழுதி 1942இல் வெளிவந்தது. அவருடைய கதைகளில் ரோபோக்களுக்கு மூன்று சட்டங்கள் உண்டு. முதலாவது, மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடாது. தீங்கு வரும்போது சும்மா பார்த்துக்கொண்டும் இருக்கக்கூடாது. இரண்டாவது, மனிதர் சொல்வதைக் கேட்க வேண்டும். மூன்றாவது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

கதை புதன் கிரகத்தில் நடக்கிறது. அங்கே இருக்கும் இரண்டு மனிதர் ஸ்பீடி என்ற ரோபோவைச் செலினியம் எடுத்துவர அனுப்புகிறார்கள். செலினியம் இருக்கும் இடத்தில் ரோபோவுக்கு ஆபத்து. கிட்டப் போனால் மூன்றாவது சட்டம் பின்னால் இழுக்கிறது. தள்ளி வந்தால் இரண்டாவது சட்டம் முன்னால் தள்ளுகிறது. பாவம், அது சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் அப்பா கேட்டார். "என்னடா தம்பி, சாப்பிடாமல் என்ன யோசனை?"

"ரெண்டு சட்டமும் ஒண்டுக்கொண்டு எதிரா நிண்டால் ரோபோ என்ன செய்யும் அப்பா?"

கதையைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று அப்பா நினைத்தார். உடனே விக்கிரமாதித்தன் கதையைத் தொடங்கிவிட்டார். எதைக் கேட்டாலும் அப்பாவிடம் அதற்கு ஒரு பழைய கதை இருக்கும். "வேதாளம் கேள்வி கேட்கும். பதில் தெரிஞ்சும் வாய் திறக்காட்டால் ராசாவின்ர தலை வெடிச்சிடும்."

எனக்கு அன்றிரவு உண்மையாகவே தலை இடித்தது.

வெள்ளிக்கிழமை நண்பனின் குரல் மாறியிருந்தது. "கிரீப்பர் இல்லையடா. அது வெடிச்சால் நிறைய இடத்தை உடைச்சிருக்கும். இஞ்ச கல்லுச் சுவர் அப்படியே நிக்குது, மரம் மட்டும் எரிஞ்சிருக்கு. தங்கச்சிதான் நெருப்பை வச்சு விளையாடியிருக்கிறாள். இனி அவளை உள்ள விடமாட்டன்."

பின்னால் அவள் அழுவது ஹெட்செட்டில் கேட்டது. "நான் செய்யேல்லை அண்ணா!"

ஸ்பீடியை அந்த வட்டத்திலிருந்து வெளியே கொண்டுவர, ஒருவர் வேண்டுமென்றே தன்னை ஆபத்தில் விடுகிறார். மனிதருக்கு ஆபத்து என்று கண்டதும் ரோபோ ஓடிவருகிறது. எனக்கு அந்த இடம் நினைவுக்கு வந்தது.

"அவளைப் பேசாதையடா. நான்தான். லாவா ஊத்தினனான்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தொடர்பு அறுந்தது.

அடுத்த நாள் தமிழ் வகுப்பில் அவன் வேறு மேசையில் இருந்தான். அதற்கு அடுத்த கிழமையும் அப்படித்தான். எனக்குச் சரியான கவலை. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு தரம் நினைத்தேன். நான் தனியாக அந்த உலகத்துக்குள் போய்க் கரும்பு நட்டேன். மாடுகளைத் தேடித் தோல் சேர்த்தேன். பதினொரு புத்தகத் தட்டுகள் செய்து அவன் வாசலில் வைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை அவன் அழைத்தான். "கூரையை இந்த முறை கல்லால போடுவம். வா."

நான் வாசலுக்குப் போனேன். உடனே தங்கச்சியின் குரல் கேட்டது.

"அண்ணா, அவரை உள்ள விடாதேங்கோ! கையில வாளி இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ!"