வீட்டுக்குள் ஒரு மடை

மாட்டுத்தாவணி என்றவுடன் இன்று எவர்க்கும் நினைவுக்கு வருவது பேருந்து நிலையமே. மாடுகளைக் கொண்டுவந்து கட்டி விலைபேசிய சந்தையால் அமைந்த பெயர் அது என்று வகுப்பில் சொன்னால் மாணவர் வியப்போடு பார்க்கின்றனர். 1999ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் இங்கே திறக்கப்பட்டபின், கழுத்துமணியின் ஓசை இருந்த இடத்தில் ஏர்ஹாரனின் அலறல் குடியேறியது. மேலூர்ச் சாலையை ஒட்டிய தெருவொன்றில் வாழும் நாம், பகற்பொழுதில் வீட்டாரோடு பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியுள்ளது. இத்தகைய இடத்தில், இசை கேட்பதற்கென்றே ஆற்றல்மிக்க ஆம்பிளிஃபயர் ஒன்றை வைத்திருக்கிறோம் என்றால் நண்பர்கள் நகைக்கின்றனர். "இருக்கிற சத்தம் போதாதா, சார்?" என்பது அவர்தம் கேள்வி. அதற்கு விடை கூற முயல்வோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். (தமிழாசிரியர்க்கு இது தீராத நோய், பொறுத்தருள்க.) ஒலிபெருக்கி என்பது வழக்கில் கோயில் மரத்திலும் பள்ளிவாசல் மினாராவிலும் கட்டப்படும் குழாயைக் குறிக்கும். இயற்பியல் பாடநூல்கள் ஆம்பிளிஃபயரைப் 'பெருக்கி' என்று வழங்குகின்றன. இவ்விரு சொற்களும், சிறிய ஒலி ஒன்றைப் பிடித்து ஊதிப் பெரிதாக்கும் கருவி என்ற எண்ணத்தையே தருகின்றன. நடப்பது அதுவன்று. வண்டியூர்க் கண்மாய் நம் வீட்டிற்கு நெடுந்தொலைவில் இல்லை. கண்மாயின் மடையைத் திறக்கும் நீர்ப்பாய்ச்சியின் கைவலிமையா வயலை நிரப்புகிறது? கை சிறிதே அசைகிறது. பாய்வது கண்மாயின் நீர். அவ்வாறே, இசைத்தட்டிலிருந்து வரும் மெல்லிய மின்குறிப்பு மடையைத் திறந்து மூடும் கை மட்டுமே. ஸ்பீக்கரை அசைப்பது சுவரிலுள்ள மின்செருகி வழியே வந்து, மின்மாற்றியைக் கடந்து மின்தேக்கிகளில் தேங்கிநிற்கும் ஆற்றல். உயர்தர ஆம்பிளிஃபயர் பத்து, இருபது கிலோ எடையோடு இருப்பதன் காரணம் இதுவே. எடையெல்லாம் கண்மாயின் எடை.

எம் அத்தா நாற்பது ஆண்டுக்காலம் மைக்செட் தொழில் செய்தவர். திருவிழா, சந்தனக்கூடு, திருமணம், தேர்தல் கூட்டம் என மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் அஹுஜா பெட்டியும் குழாயும் ஏற்றிக்கொண்டு சென்றவர். குழாயின் வலிமை வியப்புக்குரியது. ஒரு வாட் ஆற்றலைக் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் நூறு டெசிபலைக் கடந்து முழங்கும். ஆயின் அது தருவது மனிதக்குரலின் நடுப்பகுதியை மட்டுமே. தவிலின் அடிநாதமும் தாளத்தின் நுனியொலியும் அதில் வாரா. வாழ்நாளெல்லாம் ஊருக்கு இசை பரப்பிய அத்தா, அவ்விசையைக் குழாய்க்குப் பின்னால் நின்றே கேட்டார். ஷேக் சின்ன மௌலானாவின் நாகசுரத்தின்மேல் அவருக்குத் தீராக் காதல். திருவரங்கத்தில் வாழ்ந்த அப்பெருங்கலைஞர் 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, அடுத்த ஆண்டே மறைந்தார். அவருடைய ஒலிநாடாக்களை அத்தா இன்றும் பெட்டியில் போற்றி வைத்துள்ளார்.

தொழிலை விட்டு ஓய்வுபெற்ற பின்னர் அவருக்குச் செவி மங்கியது. காது மருத்துவர் வரைந்துகாட்டிய கோட்டில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். பேரொலியிலே வாழ்ந்தவர்க்கு அவ்விடத்தில்தான் முதலில் தேயும் என்றார் மருத்துவர். அதன் பொருளை நாம் இலக்கண மொழியில் உணர்ந்தோம். உயிரொலிகளின் வலு கீழ் அதிர்வெண்களில் உள்ளது. ச, ட, த, ப ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் அடையாளம் பெரும்பாலும் மேலே உள்ளது. ஆகவே அவருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. நாம் உரக்கப் பேசினால், "ஏன்டா கத்துறே, என்ன சொல்றேன்னுதான் விளங்கலை" என்று சினந்துகொள்வார். சத்தம் வேறு, தெளிவு வேறு என்பதை இதனினும் எளிமையாக எவர் சொல்ல இயலும்?

இந்நிலையில் உறவினர் ஒருவர் அன்பு மிகுதியால் ஒரு பெட்டியை வாங்கிவந்தார். அதன் முகப்பில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. ஒரு சிறு கணக்கு. 5000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 22 ஆம்பியர். நம் வீட்டுச் செருகியோ 5 ஆம்பியர் தாங்குவது. சொன்ன ஆற்றலை அப்பெட்டி மெய்யாகவே இடைவிடாது வழங்கியிருப்பின் வீட்டு ஃபியூஸ் எரிந்திருக்கும், எரியவில்லை. கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டி எழுதிய எண் அது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இத்தகைய விளம்பரப் பெருக்கத்தைக் கண்டே, வீட்டு ஆம்பிளிஃபயரின் தொடர் ஆற்றலை அளந்து தெரிவிக்க வேண்டுமென்று 1974இல் விதி செய்தது. நம் கடைத்தெருக்களிலோ நெடுங்காலம் பொன்னெழுத்தே ஆட்சி செய்தது. அத்தா அப்பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இதுல கனமே இல்லையே" என்று கீழே வைத்துவிட்டார். மைக்செட்காரரின் தராசு அது.

அவ்வாறாயின் எத்தனை வாட் வேண்டும்? இங்கேதான் மதிநுட்பம் தேவை. வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட் ஆற்றலுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபல் தருவதாகக் கொள்வோம். அறையில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் ஏறத்தாழ 80 டெசிபல் கேட்கும். இயல்பாகக் கேட்பதற்கு அது தாராளம். ஆக, ஒரு வாட் போதும்! ஆனால் தவிலின் வலந்தலையில் விரற்கூடு வந்து விழும் அந்நொடியில் ஒலி 20 டெசிபல் எகிறக்கூடும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஆற்றல் பத்து மடங்கு. 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. ஒரு வாட் நூறு வாட்டாகிறது. கண்மாயில் அவ்வளவு நீர் இல்லையெனில் அலையின் தலை வெட்டுண்டு, தவில் தகரமாகும். ஸ்பீக்கரின் உச்சவொலிப் பகுதி கருகவும் கூடும். பேராற்றல் பேரிரைச்சலுக்கன்று, அந்த ஒரு நொடிக்கு.

மற்றொரு நுட்பம் எம்மை மிகவும் கவர்ந்தது. பெரும்பாலான ஆம்பிளிஃபயர்களில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. இரண்டும் கைமாற்றும் இடத்தில் சிறு பிசிறு நேரும். நிலைமொழியும் வருமொழியும் புணரும் இடத்தில் விகாரம் தோன்றுமன்றோ, அதுபோல! பேரொலியில் அப்பிசிறு மறைந்துவிடும், மெல்லொலியில் மறையாது. 'ஏ' வகுப்பு ஆம்பிளிஃபயரில் இரண்டுமே எப்போதும் விழித்திருப்பதால் பிசிறுக்கு இடமில்லை. ஆயின் பாட்டு ஓடாத பொழுதும் மின்சாரத்தைக் குடித்து அடுப்பாய்க் கொதிக்கும். மதுரைச் சித்திரையில் அதனை எவர் தாங்குவார்? எனவே மெல்லொலிக்கு 'ஏ' போலவும் வல்லொலிக்கு 'பி' போலவும் இயங்கும் 'ஏபி' வகுப்பே பெருவழக்கு. நாம் கொண்டதும் அதுவே. நண்பரொருவர் தம் பட்டறையில் கையால் இணைத்துத் தந்தது. பக்கத்திற்கு 60 வாட். விலை நம் ஒரு மாத ஊதியத்தை விழுங்கியது. இல்லத்தரசியார் இரண்டு நாள் பேசவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

முதல் நாள் இரவு பத்து மணிக்குமேல் அத்தாவை அமர்த்தி நாகசுரம் இட்டோம். குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலியளவு 45 டெசிபலுக்கு மிகலாகாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. சன்னல்களை அடைத்து, ஒலியைத் தாழ்த்தியே வைத்தோம். "அத்தா, சத்தம் பத்துமா?" என்று கேட்டோம். அவர் கையமர்த்தினார். சற்று நேரம் கழித்து, "மூச்சு எடுக்குறாரு, கேக்குதா?" என்றார். அதற்கு முன் நாம் அதனைக் கேட்டதில்லை. பின்னர் வாய்ப்பாட்டு ஒன்று ஓடியபோது, சொல்லின் இறுதியில் குற்றியலுகரம் அரை மாத்திரையில் ஒலித்து அடங்குவதைத் தெளிவுறக் கேட்டோம். கரும்பலகையில் எழுதி இத்தனை ஆண்டு நடத்திய பாடம் அன்று செவியில் விழுந்தது. இதில் எம் ஆசையும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

எனினும் கவலை ஒன்று எஞ்சியது. அத்தாவின் செவியில் தேய்ந்த பகுதியை எட்டவேண்டி ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், அதே கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் செவி என்னாவது? வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது பெரியவர்களுக்கு உலக நல்வாழ்வு நிறுவனம் காட்டும் எல்லை, சிறுவர்க்கு 75. ஒரு தலைமுறைக்கு நேர்ந்ததை அடுத்ததற்கும் நாமே தேடித்தருவதா? மருத்துவர் காதுக்கருவியைப் பரிந்துரைத்தார். அத்தா ஓராண்டு மறுத்தார். "அது செவிடனுக்குல்ல" என்பது அவர் வாதம். அதுவும் ஓர் ஆம்பிளிஃபயரே என்றும், 1947இல் பிறந்த டிரான்சிஸ்டர் மக்கள் கைக்கு முதன்முதல் வந்ததே 1952இல் காதுக்கருவி வடிவில்தான் என்றும் எடுத்துரைத்தோம். தொழில்முறைச் செய்தி என்பதால் செவிமடுத்தார்; ஒப்புக்கொண்டார்.

இப்போது பேரப்பிள்ளைகளின் பேச்சு அவருக்கு மெய்யும் உயிருமாய் விளங்குகிறது. அக்கருவி பேச்சுக்கென அமைந்தது; வல்லொலியை அடக்கி மெல்லொலியை உயர்த்தித் தருவதால் நாகசுரத்தின் ஏற்றத்தாழ்வை அது தட்டையாக்கிவிடுகிறது என்று குறைகூறுகிறார். ஆதலின் கடைசி மேலூர்ப் பேருந்து போனபின் கேட்க அமரும்போது மட்டும் அதனைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்கிறார். நாற்காலியை ஸ்பீக்கருக்கு அருகே ஒரு மீட்டர் அளவில் நகர்த்திக்கொள்கிறார். ஒலியை நாம் கூட்டவேண்டியதில்லை.