நாலுக்கு நாலு கோடு

தரம் ஐந்தில் படிக்கும் என் தங்கச்சிக்கு ரோம இலக்கம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை இந்த வருடம் உம்மா என்னிடம் தந்தார். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு. ஆனாலும் மூத்த பிள்ளைக்கு எல்லாப் பாடமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை எதிர்த்து வழக்காட, புதுக்கடையில் இத்தனை நீதிமன்றங்கள் இருந்தும், ஒன்றிலும் இடமில்லை.

அடையாளங்கள் மொத்தம் ஏழுதான். ஐ ஒன்று, வீ ஐந்து, எக்ஸ் பத்து, எல் ஐம்பது, சீ நூறு, டீ ஐந்நூறு, எம் ஆயிரம். அவற்றை மனனம் செய்ய அவளுக்கு ஒரு மஃரிப் பொழுது போதுமாக இருந்தது. பெரியதற்குப் பின்னால் சிறியது வந்தால் கூட்டு, முன்னால் வந்தால் கழி. ஒரே அடையாளம் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் வராது. ஒன்றைக் குறிக்கும் கோடு, ஐந்துக்கும் பத்துக்கும் முன்னால் மட்டுமே நின்று கழிபடலாம். ஆகவே 99ஐ ⅠⅭ என்று சுருக்க முடியாது. ⅩⅭⅠⅩ என்றுதான் எழுத வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தாத்தா, 1, 2, 3 இருக்கக்குள்ள இது எதுக்கு?" என்றாள்.

நியாயமான கேள்வி. பரீட்சைக்கு வரும் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் எழுதப்போகும் புலமைப்பரிசில் வினாத்தாளே Ⅰ, Ⅱ என்று இரண்டாக வருகிறது. சாதாரண தரத்துக்குப் போனால் கணிதம் Ⅰ, கணிதம் Ⅱ. தமிழ்மொழி மூலம் படித்தாலும் தாளின் தலையில் ரோமர்கள் நிற்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் இதற்கு வேறொரு பதிலும் இருந்தது. அதைச் சொல்ல வாப்பாவின் தொழிலைச் சொல்ல வேண்டும்.

புதுக்கடை என்றதும் வெளியூர்க்காரருக்கு வழக்குத்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் இவ்விடத்துக்கு ஹல்ஸ்டோர்ப் என்று பெயர். 1656இல் கொழும்பு முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்துத் தளபதி ஹெரார்ட் ஹுல்ஃப்ட்டின் பெயர் அது. உயர் நீதிமன்றம், சட்டக் கல்லூரி, சட்டத்தரணிகளின் கந்தோர்கள், அவற்றை நம்பிப் பிழைக்கும் தட்டெழுத்துக் கடைகள், போட்டோ கொப்பிக் கடைகள். அப்படியொரு சிறிய கடையில் வாப்பா தமிழில் தட்டெழுத்துச் செய்கிறார். இப்போது கணினி. அவர் தொழில் பழகிய காலத்தில் தமிழ் டைப்ரைட்டர். அதில் க, ங, ச எல்லாம் உண்டு; ரோம இலக்கத்துக்கு வேண்டிய ஆங்கில எழுத்துகள் கிடையாது. பந்தி இலக்கம் வருமிடத்தில் வெற்றிடம் விட்டு அடித்துவிட்டு, பிறகு பேனையால் நிரப்ப வேண்டும். "அந்த வெற்றிடத்துக்குத்தான் எனக்குப் பயம்" என்று வாப்பா இன்றைக்கும் சொல்வார். ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் வேறொரு பந்தியாகிவிடும்.

சட்டத்தின் உலகம் ரோம இலக்கத்தை விடவில்லை. 1978ஆம் ஆண்டின் எங்கள் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் அத்தியாயம் Ⅲ. மொழி அத்தியாயம் Ⅳ. தமிழும் அரசகரும மொழி என்ற வாசகம் 1987இல் சேர்க்கப்பட்டது அந்த நான்காம் அத்தியாயத்தில்தான். இந்த நான்கை நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் அரசியலமைப்பு அல்ல, எங்கள் உம்மும்மா.

உப்பா மௌத்தானதன் பிறகு வாழைத்தோட்டத்து வீட்டையும் அதனோடு ஒட்டிய அறைகளையும் பங்கு பிரித்தார்கள். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்பது சூரா அந்நிஸாவின் 12ஆம் வசனம். இலங்கையில் உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம்களின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மாமாமார் தங்கள் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால், அடுப்படியோடு சேர்ந்த முன்னறை உம்மும்மாவுக்கு என்று பேசி முடித்தார்கள். அவர் கல்யாணமாகி வந்த நாள் முதல் இருந்த அறை அது. பின்பக்கம் கான் ஓரமாக, மழை பெய்தால் தண்ணீர் ஏறும் களஞ்சிய அறை வேறொருவருக்கு. எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கி, ரோம இலக்கம் போட்டு, சட்டத்தரணி ஒருவரின் கந்தோரில் தயாரித்தார்கள். முன்னறை நான்காவது. களஞ்சியம் ஆறாவது.

ஒப்பமிடும் நாளில் உம்மும்மா பேனையைக் கீழே வைத்துவிட்டார். உம்மும்மா இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். தன் பெயரைத் தமிழில் எழுதுவார், குர்ஆன் ஓதுவார். பத்திரத்தின் நீண்ட வசனங்களை அவர் வாசிக்கவில்லை. தன் பெயருக்கு நேரே நின்ற இலக்கத்தைப் பார்த்தார். "நாலாம் நம்பர் எனக்கெண்டு சொன்னீங்க. இதில ஆறெல்லோ போட்டிருக்கு?" என்றார்.

பெரியவர்கள் சிரித்தார்கள். Ⅳ என்றால் நாலுதான் உம்மா, என்று ஒருவர் மாறி ஒருவர் விளங்கப்படுத்தினார்கள். அவர் அசையவில்லை. "எனக்கு ரோம நம்பர் தெரியும். நாப்பது வருஷமா பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் உப்பா வாங்கிய பழைய பெண்டுலம் மணிக்கூடு. தங்கச்சியையும் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். ரோம இலக்கம் போட்ட மணிக்கூடு உங்கள் வீட்டிலும் இருந்தால் ஒருமுறை எழுந்துபோய்ப் பாருங்கள். பெரும்பாலான முகப்புகளில் நான்கு Ⅳ அல்ல. ⅠⅠⅠⅠ, நாலு கோடு. இலக்கங்களின் பாதம் மணிக்கூட்டின் நடுவை நோக்கி நிற்பதால், அடியில் வரும் ஆறு தலைகீழாகத் தொங்கும். அப்படித் தொங்கும்போது கோடு இடப்பக்கமும், ஐந்துக்குரிய கவை வலப்பக்கமும் வந்துவிடும். மணிக்கூட்டில் மட்டும் ரோம இலக்கம் படித்த ஒருவர் கோடு இடப்பக்கம், கவை வலப்பக்கம் என்ற உருவத்தைக் கடதாசியில் கண்டால் ஆறு என்றுதான் வாசிப்பார். உம்மும்மா வாசித்தது சரி. அவருக்குக் கிடைத்த பாடப்புத்தகம் அப்படி.

நாலு கோடு போடுவது மணிக்கூட்டுக்காரரின் பிழையும் இல்லை. பழைய ரோமர்களே இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ரோம் நகரத்துக் கொலோசியம் அரங்கின் வாயில்களுக்கு இலக்கம் வெட்டியிருக்கிறார்கள். அதில் 44ஆம் வாயிலின் இலக்கம் ⅩⅬⅠⅠⅠⅠ. நாற்பதுக்குக் கழித்தலும் நாலுக்கு நாலு கோடுமாக, ஒரே இலக்கத்துக்குள் இரண்டு வழக்கம். 'மூன்று முறைக்கு மேல் வராது' என்று நாம் பாடமாக்கும் விதி பின்னால் இறுகியது. இதைக் கேட்டதும் தங்கச்சி, அப்படியானால் பரீட்சையில் நாலு கோடு போடலாமா என்றாள். போடக்கூடாது என்று சொன்னேன். ரோமர்கள் விடைத்தாள் திருத்த வரமாட்டார்கள்.

அவளுடைய 'எதுக்கு' என்ற கேள்வி அந்த 44ஐ வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போனது. தமிழுக்கும் சொந்த இலக்கங்கள் இருக்கின்றன: ௪௰௪ என்றால் 44. நாலு, பத்து, நாலு. வாயால் சொல்வதுபோலவே எழுத்து நடக்கிறது, கழிக்க ஒன்றுமில்லை. அரபியில் எழுத்துக்கே எண் பெறுமதி கொடுக்கும் அப்ஜத் முறை உண்டு: அலிஃப் 1, பா 2, ஜீம் 3, தால் 4. மீம் 40 ஆகையால் மீமும் தாலும் சேர்ந்தால் 44. கடைகளிலும் ஓட்டோக்களிலும் காணும் 786, பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை இப்படிக் கூட்டி வந்த தொகை. அப்படி எழுதுவது சரியா என்று உலமாக்களிடையே பேச்சு இருக்கிறது. நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். மதரஸாவில் அவள் ஆயத்து இலக்கங்களை இன்னொரு வடிவத்தில் வாசிக்கிறாள். பத்து வயதுக்குள் இத்தனை விதமான இலக்கங்களைப் பழகிய பிள்ளைக்கு ரோமம் ஒரு பாரமா என்ன?

ஆனாலும் ரோம இலக்கத்தால் கணக்குச் செய்வது கஷ்டம். ⅩⅬⅠⅤஐ ⅩⅩⅤⅠⅠஆல் பெருக்கச் சொன்னேன், கொப்பியை மூடிவிட்டாள். பூச்சியத்துக்கு அடையாளம் இல்லை, இடப்பெறுமானம் இல்லை. இந்தியர்களின் பத்து அடையாள முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி நூலாக எழுதினார். பைசா நகரத்து லியனார்டோ, நாம் ஃபிபொனாச்சி என்று அறிந்தவர், சிறுவயதில் இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயா துறைமுகத்தில் அதைக் கற்று, 1202இல் லத்தீனில் எழுதினார். ஐரோப்பா உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1299இல் புளோரன்ஸ் நகரத்து நாணயமாற்றுக்காரர் சங்கம், கணக்கேடுகளில் இந்தப் புதிய இலக்கங்களை எழுதக்கூடாது என்று விதித்தது. தொகையை எழுத்தால் முழுமையாக எழுத வேண்டும் என்றது. புதிய இலக்கங்களை இலகுவாகத் திருத்தி மோசடி செய்யலாம் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள். இன்றைக்கும் காசோலையில் இலக்கத்தோடு எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா?

உம்மும்மாவின் பத்திரமும் அந்த வழியில்தான் முடிந்தது. மாமாமார் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துத் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது, வாப்பா ஒன்றும் பேசாமல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். சட்டத்தரணியின் அனுமதியோடு, ஒவ்வொரு ரோம இலக்கத்துக்கும் பக்கத்தில் எழுத்தாலும் சேர்த்துப் புதிதாக அடித்து வந்தார்: 'Ⅳ, நான்கு, அடுப்படியுடன் கூடிய முன்னறை.' உம்மும்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, 'நான்கு' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். 'அடுப்படி' என்பதையும் வாசித்தார். பிறகு மற்ற எல்லா இலக்கத்துக்கும் விரலை வைத்து, யார் யாருக்கு எது என்று கேட்டுக் கேட்டு, பட்டியல் முழுவதையும் முடித்தார். அதற்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஒருவரும் இடையில் பேசவில்லை. அதன் பிறகே ஒப்பமிட்டார்.

அன்றிலிருந்து வாப்பா தனக்கு வரும் எல்லாப் பத்திரத்திலும் ரோம இலக்கத்தோடு எழுத்தையும் சேர்த்தே அடிக்கிறார். சில சட்டத்தரணிகள் சொல் கூடிவிட்டது என்று சிவப்புப் பேனையால் வெட்டி அனுப்புவார்கள். ஒப்பமிடப்போவது யார் என்று வாப்பா கேட்பார். வயதான பெண் ஒருவர் என்று பதில் வந்தால், வெட்டியதை மறுபடியும் அடித்துக் கொடுத்துவிடுவார். மேலதிகப் பக்கம் வந்தால் அதற்குக் காசு எடுப்பதில்லை.