உதிர்ந்த இலையும் பறித்த இலையும்

இலையுதிர்காலம் என்ற சொல்லை நாம் பாடப்புத்தகத்தில்தான் முதலில் சந்தித்தோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழ் வகுத்த ஆறு பருவங்களில் இலை உதிர்வதற்கென்று ஒன்று இல்லை. ஆனால் நம் மரங்களும் உதிர்க்கின்றன. நான் வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில் தை முடியும்போது தொடங்கிப் பங்குனி வரை வேம்பும் அரசும் கொட்டித் தீர்க்கும். குளிர்நாட்டு மரங்கள் பகல் குறுகுவதையும் குளிர் கூடுவதையும் உணர்ந்து உதிர்க்கின்றன. நம் மரங்கள் வறட்சிக்காக உதிர்க்கின்றன. இலை இருந்தால் அதன் வழியாக நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். இருக்கும் கொஞ்ச நீரைக் காப்பாற்ற மரம் இலையை விடுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் ஊர் வேம்பு புதிதாகத் துளிர்க்க மழைக்குக் காத்திருப்பதில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கும் மாதங்களிலேயே துளிர்த்துவிடுகிறது.

மேல்நிலை வகுப்புப் பெண்களுக்கு 22 ஆண்டுகளாகத் தாவரவியல் நடத்துகிறேன். 'மூப்படைதல்', 'உதிர்தல்' ஆகிய இரண்டு தலைப்புகளையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். என் உடம்பு தன் பங்குக்கு அந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கிய பிறகு எனக்கு அது போதவில்லை.

எனக்கு 45 வயதானபோது மாதவிடாய் தடுமாறத் தொடங்கியது. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாள் நிற்காது. நள்ளிரவில் கழுத்திலிருந்து அனல் கிளம்பித் தலைக்கு ஏறும். நைட்டி நனைந்துவிடும், அடுத்த நிமிடம் குளிரும். வகுப்பில் தெரிந்த பெயர்கூட நாவில் வராமல் நிற்கும். இதைப் பற்றி யாரிடம், எந்தச் சொல்லால் பேசுவது?

வயதுக்கு வந்ததற்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! பூப்பு, சடங்கு, மஞ்சள் நீராட்டு, பெரிய மனுஷி. எனக்குப் பந்தல் போட்டு மைக்செட் கட்டினார்கள், தாய்மாமன் சீர் தட்டுகளோடு வந்தார். இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகம் தெருமுனை ஃப்ளெக்ஸில் சிரிக்கிறது. பிள்ளைக்கு விருப்பமா என்று கேட்காமலே ஊருக்குச் சொல்கிறார்கள். அதே உடம்பில் அது முடியும்போது 'நின்னுபோச்சு' என்று ஒரு சொல்தான். அதையும் அடுப்படியில், கிசுகிசுப்பாக.

இலக்கணமும் நமக்கு உதவவில்லை. பெண்ணின் பருவங்கள் ஏழு: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். உலா இலக்கியங்களில் தலைவன் வீதியில் பவனி வரும்போது அவனைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்த ஏழு பருவத்துப் பெண்களே. கடைசியான பேரிளம்பெண்ணுக்கு வயது 32 முதல் 40 வரை. 41 வயதுக்காரி வாசலில் நின்றிருக்கமாட்டாளா? நின்றிருப்பாள். அவளுக்குப் பெயர் வைக்கத் தேவை எழவில்லை. பெண்ணின் வயதை ஆணின் பார்வையைக் கொண்டு அளந்தால் கணக்கு அங்கேதான் முடியும்.

மருத்துவக் கணக்கு வேறு. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமலிருந்தால் அது நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நடக்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில். அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் கொந்தளிப்பானவை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சீராகக் குறையாமல் ஏறியும் இறங்கியும் குறைகிறது. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சிறு வெப்ப மாற்றத்துக்கும் பதறி வியர்வையைத் திறந்துவிடுகிறது. தூக்கம் கெடுகிறது. எலும்பு தேய்வது வேகமெடுக்கிறது. இவற்றில் எதுவும் 'கொழுப்பு' அல்ல, 'வேலையில்லாத பொம்பளையின் நோய்' அல்ல. இதற்கு மருந்துண்டு, உணவுண்டு, ஓய்வும் வேண்டும்.

ஒருமுறை 17 நாள் உதிரப்போக்கு நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 8க்கு இறங்கியது. நான் போன தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையில் சின்னதாக ஒரு கட்டி. மருத்துவர் ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னார்: "எடுத்துடலாம்மா. ரெண்டு குழந்தை இருக்கே, இனிமே அது எதுக்கு?" காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வீட்டில் நாத்தனார், "எடுத்துடுங்க அண்ணி, நிம்மதி" என்றார். எனக்கும் களைப்புத்தான். ஆனால் 'இனிமே எதுக்கு' என்ற கேள்வி உறுத்தியது. பெற்றுக்கொடுத்த பிறகு இந்த உறுப்பு உபரி என்றால், இதைச் சுமக்கும் நான் யார்?

மறுநாள் பள்ளியைப் பெருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். மாசி மாதம். மைதானத்து அரசமரம் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் துடைப்பத்தை நிறுத்தாமல் பேசினார். "எனக்கு முப்பத்திமூணு வயசுலயே எடுத்துட்டாங்க டீச்சர். வெள்ளைப்படுதுன்னுதான் போனேன். உட்டா கேன்சரா மாறிடும்னாங்க. பயந்துட்டேன். குழுவுல கடன் வாங்கிக் கட்டினேன். அன்னையிலேர்ந்து ஒடம்பு தணலா எரியுது, இடுப்பு புடிச்சிக்குது. ஊட்டுக்காரருகிட்ட சொன்னா உனக்கு எப்பவும் ஒரு நோவுன்னுவாரு." சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டேன். "அது வேறயா டீச்சர்? எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சேன்."

அவை ஒன்றல்ல. கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், சினைப்பைகள் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் படிப்படியாக வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து இறங்கும். அதை 33 வயது உடம்பு தாங்க வேண்டும். அவருக்கு எதை எடுத்தார்கள் என்பது இத்தனை ஆண்டுகளாக அவருக்கே தெரியாது. காகிதத்தில் இருந்திருக்கலாம், அந்தக் காகிதம் வெள்ளத்தில் போய்விட்டது.

அவர் ஒருவர் மட்டுமல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 100க்கு 3 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருக்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இந்த விகிதம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த அறுவைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிடாய்க்காக ஒருநாள் வேலை தவறினாலும் அபராதம் கட்ட வேண்டியிருந்ததால் கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். அரை நாள் வரிசையில் நின்றேன். அங்கிருந்த பெண் மருத்துவர் கருப்பையின் உள்சவ்விலிருந்து திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்று இல்லை. உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். "கட்டி சின்னதுதான். மாதவிடாய் நிக்கற காலத்துல இது பெரும்பாலும் சுருங்கிடும். ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டுங்க" என்றார். என் உடம்பு எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று ஒருவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல்முறை.

அந்த வாரம் உதிர்தல் பாடத்தை அரசமரத்தடியில் நடத்தினேன். ஒரு பெண்ணைப் பச்சை இலை ஒன்றைப் பறிக்கச் சொன்னேன். காம்பு ஒடிந்த இடத்தில் பால் கசிந்தது. இன்னொருத்தியைப் பழுத்த இலையைத் தொடச் சொன்னேன். விரல் பட்டதும் வந்துவிட்டது, அந்த இடம் காய்ந்திருந்தது. காரணத்தை விளக்கினேன். உதிர்ப்பதற்கு முன்பே மரம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பச்சையத்தைச் சிதைத்து, இலையிலிருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காம்பின் அடியில் உதிர்தல் அடுக்கு உருவாகிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் குறைகிறது, எத்திலீன் வேலை செய்கிறது, அந்த அடுக்கில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் கரைகிறது. அதற்குக் கீழே காப்பு அடுக்கு ஒன்று காயத்தை மூடுகிறது. எல்லாம் தயாரான பிறகே காற்று வந்து இலையைக் கொண்டுபோகிறது. பறித்த இலைக்கு இவற்றில் எதற்கும் நேரம் கொடுக்கப்படவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அனல் ஏறியது. வழக்கமாகத் திரும்பிக் கரும்பலகையில் எதையாவது எழுதி மறைப்பேன். மரத்தடியில் கரும்பலகை இல்லை. "எனக்கு மாதவிடாய் நிற்கும் காலம். உடம்பு திடீரென்று சூடாகும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்காமல் கேட்டாள்: "ராத்திரியெல்லாம் எழுந்து உக்காந்துப்பாங்களா மிஸ்? எங்கம்மா அப்படித்தான். எங்க மேல கோவம்னு நெனச்சேன்."

மணி அடித்த பிறகும் இன்னொருத்தி நின்றாள். அவள் அம்மாவுக்கு அடுத்த வாரம் கருப்பை அறுவை. வேறு மருத்துவரிடமும் காட்டலாமா என்று கேட்டாள். காட்டலாம் என்றேன். என்ன கேட்க வேண்டும் என்று அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்: என்ன நோய்? மருந்தால் சரியாகாதா? திசுப் பரிசோதனை செய்தாயிற்றா? சினைப்பைகளை எடுப்பீர்களா, ஏன்? பத்து நாள் கழித்து வந்து சொன்னாள். இரண்டாவது மருத்துவரும் அறுவை தேவை என்றாராம். கட்டிகள் பெரிது, சிறுநீரகக் குழாயை அழுத்திக்கொண்டிருந்தன. ஆனால் சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன, விட்டுவிடலாம் என்று படம் வரைந்து விளக்கியிருக்கிறார். "அம்மா எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு கையெழுத்துப் போட்டாங்க மிஸ்."

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணிடமிருந்து நான் ஒன்று தெரிந்துகொண்டேன். தானாக நிற்பது நல்லது, கத்தி வைப்பது கெட்டது என்று இதைப் பிரித்துவிட முடியாது. அறுவை உயிரைக் காப்பாற்றும் இடங்கள் உண்டு. அவர் கருப்பையை இழந்தார், ஆனால் அது அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை. எங்கள் பள்ளி அக்காவிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர் கேட்கவில்லை, யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

'மாற்றத்தை ஏற்றுக்கொள்' என்று பெண்களுக்கு எல்லோரும் சொல்கிறார்கள். மணமாகி வேறு வீட்டுக்குப் போவது, வேலையை விடுவது, பெயருக்குப் பின்னால் வேறு எழுத்தைச் சேர்ப்பது என்று ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறோம். ஏற்றுக்கொள்வதில் நமக்குப் பயிற்சிக் குறைவில்லை. இது என் மாற்றமா, என்மேல் நடத்தப்படுவதா என்று கேட்பதில்தான் குறைவு. நம் கதைகளில் ஔவை மணத்திலிருந்து தப்ப முதுமையை வரமாகக் கேட்டாள். காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுருவைக் கேட்டுப் பெற்றார். இருவரும் தாமே உதிர்த்தவர்கள். ஆனாலும் இளமையோடு இருந்தபடி அவர்களால் தம் விருப்பப்படி வாழ முடியவில்லையே என்பது என் மனத்தாங்கல். கிழவியாகவோ பேயாகவோ ஆனால்தான் ஒரு பெண் தனியாக வழி நடக்கலாம் என்றால், அந்த வழியைத்தான் மாற்ற வேண்டும்.

எனக்கு நின்று 14 மாதங்கள் ஆகின்றன. வீட்டில் மகளிடமும் மகனிடமும் சொல்லியிருக்கிறேன். இரவில் நான் எழுந்தால் மகன் மின்விசிறியைக் கூட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறான். எலும்புக்காகக் கேழ்வரகும் காலை நடையும். தலைக்குச் சாயம் பூசுவதை விட்டேன். எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் அடுப்படியில் நிற்பதை விட்டேன். எதை விட்டேன் என்பதைவிட, விடுவதற்கு முன் எதை உள்ளே இழுத்துக்கொண்டேன் என்பதையே இப்போது எண்ணுகிறேன். உதிரத்துணியோடு பேருந்தில் நின்று போய்ப் படித்த பிடிவாதம், இரண்டு பிள்ளைகளை வளர்த்ததில் பழகிய பொறுமை, எதிரே இருப்பவள் சொல்லாமல் விட்டதைக் கேட்கும் காது. இவை என்னிடமே இருக்கட்டும்.

பள்ளி அக்காவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்: "எனக்கு எதை எடுத்தாங்கன்னு இதுல தெரிஞ்சிடுமா டீச்சர்?" தெரியும் என்றேன். "தெரிஞ்சா போதும்" என்றார்.