எட்டா, ஒன்பதா, பத்தா?

2007-ல் பென்டியம் டூயல் கோர் என்ற மலிவு பிராசஸர் வரிசையை இன்டெல் இறக்கியது. இ2140, இ2160, இ2180. வேகம் முறையே 1.6, 1.8, 2.0 கிகாஹெர்ட்ஸ்.

“எப்படியும் ஓவர்க்ளாக் பண்ணப் போறோம் சித்தப்பா. இருக்கறதுலயே சீப்பானதை வாங்கிடலாம்” என்றான் அண்ணன் மகன். நமக்கோ பி.காம். புத்தி. வவுச்சர் பார்க்காமல் நம்பாது.

பிராசஸரின் வேகம் வெறும் பெருக்கல்தான். பஸ் வேகம் ஒன்று, பெருக்கி ஒன்று. மூன்றுக்கும் பஸ் 200. பெருக்கிதான் 8, 9, 10. அதற்கு மேல் ஏற்ற முடியாமல் பூட்டியிருப்பார்கள். எனவே பஸ்ஸை ஏற்ற வேண்டும். பஸ் ஏறினால் மெமரியும் கூடவே ஏறும். அங்கேதான் இருக்கிறது வில்லங்கம்.

இரண்டுக்கும் என்ன விகிதம் என்று பயாஸில் சொல்லி வைப்பதற்குப் பெயர் மெமரி டிவைடர். ஏஎம்டியின் அத்லான் 64-ல் மெமரியை மட்டும் கீழே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் பார்த்து வைத்திருந்த இன்டெல் பி35 போர்டில் 1:1-தான் கடைசிப் படி. மெமரி பஸ்ஸைவிட வேகமாக ஓடலாம், மெதுவாக ஓட முடியாது.

கையில் இருந்தது டிடிஆர்2-667. பெயரில்தான் 667, நிஜ வேகம் அதில் பாதி, 333. இப்போது பெருக்குங்கள். இ2140-க்கு 2.66. இ2160-க்கு சுளையாக 3.0. அந்த மூன்றை இ2140-ல் தொட பஸ் 375 வேண்டும். அதற்கு டிடிஆர்2-800 வாங்கியாக வேண்டும். பிராசஸரில் மிச்சம் பிடித்தது மெமரிக்குப் போய்விடும்! இ2180-ல் கணக்கு 3.33 வரை போகும். ஆனால் கூடவே தருகிற குட்டி விசிறியை வைத்துக்கொண்டு அந்தச் சூட்டோடு யார் மல்லுக்கட்டுவது?

ஆக, ஒன்பது.

“மெமரியைக் கொஞ்சம் மீறி ஓட்டினா என்ன? தாங்கும்” என்றான். தாங்கலாம். கேம் தொங்கினால் ரீஸ்டார்ட் பண்ணிக்கொள்வான். ஆனால் அதே மெஷினில்தான் அண்ணி கடைக் கணக்கை டாலியில் போடுகிறார். அளவு மீறி ஓடும் மெமரி எப்போதும் கூச்சல் போட்டுவிட்டுச் சாகாது. ஒரே ஒரு பிட் புரண்டால் போதும், 6 என்பது 7 ஆகிவிடும். அதுவும் சமத்தாக சேவ் ஆகிவிடும்.

333-லேயே நிறுத்தினோம். அப்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி பூரா ஓட விட்டோம். காலையில் திரையில் எரர் பூஜ்யம். அப்புறம்தான் அண்ணியை டாலியைத் திறக்க விட்டேன்.