அரை மணி நேரத்தில் அடங்கிவிடும்

அன்று காற்று மேற்கிலிருந்துதான் வந்தது. அதனால்தான் ஏமாந்தோம்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பல்கலைக்கழக விடுதியிலிருந்து வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் வீடு தண்ணீர்மலை அடிவாரத்தில், கோவிலுக்கும் கீழே, அருவியிலிருந்து இறங்கி வரும் ஆற்றுக்குப் பக்கத்தில். முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். பதினொரு பட்டுச் சேலைகளும் அதற்கான ரவிக்கைத் துணிகளும் தரையோடு ஒட்டிய அலமாரியில் இருந்தன.

சாயங்காலம் மழை வலுத்தது. அம்மா என்னைப் பார்த்து, "பாப்பா, துணியெல்லாம் மேலே தூக்கி வெச்சிருவோமா?" என்றார். அப்பா வாசலில் நின்று காற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுமாத்ரா காத்துதான். அரை மணி நேரத்துல அடங்கிடும்." நானும் ஆமாம் என்றேன்.

அப்பா சொன்னது தாத்தாவின் பாடம். துறைமுகத்தில் தொங்காங் படகுகளில் மூட்டை இறக்கியவர் தாத்தா. மேற்கே கடல் கறுத்தால் சுமாத்ரா வருகிறது என்பார். கோபக்காரன் மாதிரி, வந்த வேகத்தில் போய்விடும். அவர் சொன்னது சரிதான். சுமாத்ராத் தீவின் பக்கம் இரவில் திரளும் இடிமேகங்கள் ஒரு வரிசையாக நீரிணையைக் கடந்து வரும். குளிர்ந்த காற்று திடீரென்று அடிக்கும், மழை கொட்டும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளுத்துவிடும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ வரும்.

அன்று வந்தது சாயங்காலம். வந்தது போகவும் இல்லை. காற்று ஒரே திசையிலிருந்து, ஒரே வேகத்தில், விடிய விடிய அடித்தது. மரங்கள் முறிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு ஆறு வீட்டுக்குள் வந்தது. இருட்டில் அலமாரியைத் திறந்தபோது மெரூன் சாயம் வெள்ளைப் பட்டில் இறங்கியிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா மட்டும் மறுநாள் கேட்டார்: "நீ இஞ்சினியருக்குத்தானே படிக்கிறே? உனக்கும் தெரியலையா?"

பினாங்கில் அந்த வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். எங்களுக்குப் போனது துணி மட்டும்தான். ஆனாலும் அப்பாவின் கேள்வி என்னை விடவில்லை.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் 'டாம்ரே' சூறாவளியின் வால் என்றார்கள். டாம்ரே அதே நவம்பர் 4-ம் தேதி வியட்நாமில் கரையேறியது உண்மை. ஆனால் அது இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். எங்களை அடித்தது வேறொன்று, சின்னது. தாய்லாந்து வளைகுடாவிலிருந்து தென் தாய்லாந்தைக் கடந்து அந்தமான் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு தாழ்வு மண்டலம்.

இதை அன்றே கண்டுபிடித்திருக்கலாம். பழைய மாலுமிகளின் விதி ஒன்று இருக்கிறது. நம் பாதி உலகத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டினால் முகம் கிழக்கே, இடக்கை வடக்கே. வடக்கே தாய்லாந்து. நவம்பரில் இங்கே வடகிழக்குப் பருவக்காற்றுதான் வர வேண்டும், அதையும் தீபகற்பத்தின் நடு மலைத்தொடர் தடுத்துவிடும். அந்த மாதத்தில் மேற்குக் காற்று மணிக்கணக்காக நிற்கிறது என்றால் எங்கேயோ ஏதோ சுழல்கிறது என்று அர்த்தம். அது கடல் ஈரத்தை அள்ளி வந்து பினாங்கு மலையில் மோதியது, மலை அதை எங்கள் ஆற்றில் இறக்கியது.

பிறகு படிக்க ஆரம்பித்தேன். நாம் எல்லாவற்றையும் 'புயல்' என்கிறோம். ஆனால் அவை வெவ்வேறு விதமாகச் சாப்பிடுகின்றன. வெப்பமண்டலப் புயல் சூடான கடலைச் சாப்பிடுகிறது. ஏறும் நீராவி மேகமாகும்போது வெளிவரும் வெப்பம்தான் அதன் எரிபொருள். அதனால் அதன் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சூடு, பலத்த காற்றும் மையத்தை ஒட்டியே இருக்கும். ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கம் வரும் முகப்புப் புயலுக்குக் கடல் சூடு அவ்வளவு முக்கியமில்லை. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லைதான் அதற்குத் தீனி. நடு குளிர்ந்திருக்கும், படத்தில் வட்டமாக இல்லாமல் காற்புள்ளி போல நீண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் துணைவெப்பமண்டலப் புயல். கொஞ்சம் கடலிலிருந்தும் கொஞ்சம் அந்த மோதலிலிருந்தும் சாப்பிடும், பலத்த காற்று மையத்திலிருந்து தள்ளி அகலமாக வீசும்.

இந்தப் பெயர்களில் பணமும் இருக்கிறது. 2012-ல் 'சாண்டி' அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கரையேறும்போது வெப்பமண்டலத் தன்மையை இழந்திருந்தது. ஆகவே சட்டப்படி அது ஹரிக்கேன் இல்லை. ஹரிக்கேன் என்றால் வீட்டுக்காரர் கையிலிருந்து கூடுதலாகப் போட வேண்டிய காப்புறுதித் தொகை, அதனால் பொருந்தாமல் போனது. அங்கே ஒரு பெயர் மாறியதால் மக்கள் பிழைத்தார்கள். இங்கே ஒரு பெயரை நம்பித்தான் நாங்கள் துணியைத் தூக்காமல் விட்டோம்.

பூமத்திய ரேகைக்கு அருகே புயல் வராது என்று பாடப் புத்தகம் சொல்லும். பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் இங்கே மிகக் குறைவு. பினாங்கு ஐந்தரை பாகைக்குக் கிட்டே. ஆனால் 2001 டிசம்பரில் 'வாமெய்' சிங்கப்பூருக்கு அருகே, வெறும் ஒன்றரை பாகையில் உருவானது. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "சரி, அன்னைக்கு வந்தது புயலா இல்லையா?"

காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் இல்லை. நம் தமிழ்ச் செய்திகளில் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று ஏணி வைத்திருக்கிறோம். மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல். அந்த ஏணி காற்றை மட்டும் அளக்கிறது, தண்ணீரை அளப்பதில்லை. புயல் ஆகாத ஒன்றுதான் ஏழு பேரைக் கொண்டுபோனது.

இப்போது நான் வடிகால் வரையும் வேலையில் இருக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் 'சென்யார்' மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, வட சுமாத்ராவை மூழ்கடித்துவிட்டு, எங்கள் கரைப் பக்கம் திரும்பியது. அன்று இரவு அம்மா போன் செய்தார். "பாப்பா, இது எந்த மாதிரி? சுமாத்ராவா, மத்ததா?"

எனக்கு விளக்கம் தெரியும். படமும் கையில் இருந்தது.

"காத்து எவ்வளவு நேரமா அடிக்குது?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

"துணியை மேலே ஏத்திடுங்க, ம்மா. பேரு அப்புறம் சொல்றேன்."

"உங்கப்பா ஏற்கனவே ஏத்திட்டாரு" என்றார்.