கொதிக்காத தண்ணியில் ஒரு நாட்டுக்கோழி

நம்ம தோட்டத்துல நாட்டுக்கோழி வாங்கிட்டுப் போற டவுன் நண்பர்கள் சொல்ற புகார் பெரும்பாலும் ஒண்ணுதான். "ருசி நல்லாத்தாங்க இருக்கு, ஆனா கடிக்க முடியலை, ரப்பர் மாதிரி இருக்கு." அப்படிச் சொன்னவங்கள்ல சிலபேர் அடுத்த தடவை வர்றதில்லை. ஆறு மாசம் மேய விட்டு, கீரிகிட்டயும் நாய்கிட்டயும் காப்பாத்தி வளர்த்த கோழி, டவுன் குக்கர்ல அரை மணி நேரத்துல பேரைக் கெடுத்துக்குது. வித்துப் பிழைக்கிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லைங்க.

அதனாலதான் பெங்களூர்ல இருக்கிற அக்கா மகன் 'சூ வீட்' கருவி ஒண்ணைக் கொண்டுவந்து கொடுத்தப்ப, விளையாட்டுச் சாமான்னு ஒதுக்கி வைக்கலை. சூ வீட்டுங்கறது பிரெஞ்சு வார்த்தை. 'வெற்றிடத்தில்' என்று பொருள். கறியை ஒரு உறையில போட்டு, காத்தை வெளியேத்தி மூடி, ஒரே சூட்டுல நிக்கிற தண்ணியில மணிக்கணக்குல கிடக்க விடணும். கருவி பார்க்கறதுக்குத் தடியான ஊதுகுழல் மாதிரி இருக்கும். பாத்திரத்து ஓரத்துல மாட்டிவிட்டா தண்ணியைச் சூடாக்கும், சுத்தி விட்டுக்கிட்டே இருக்கும். வேற ஒண்ணும் இல்லை.

கோழி வளர்க்கிறவனுக்கு இது புரியாத சங்கதி இல்லை. குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டரும் இதே வேலையைத்தானே செய்யுது? 37.5 டிகிரி விடாம நின்னா 21 நாள்ல குஞ்சு. ரெண்டு டிகிரி கூடிப்போனா மொத்தமும் கூமுட்டை. அதே முட்டையை 63 டிகிரி தண்ணியில ஒரு மணி நேரம் வெச்சா காலை டிபன். சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு, இந்த ரெண்டுதான் கணக்கு.

இந்த முறை ஓட்டல்ல ஆரம்பிச்ச கதையும் எனக்குப் பிடிச்சது. 1974-ல் பிரான்சில் ரோவான் என்ற ஊரில் அப்போது இருந்த த்ருவாக்ரோ உணவகத்துக்காக, ஜார்ஜ் ப்ரலூ என்கிற சமையல்காரர் கொழுத்த வாத்து ஈரலை உறையில் போட்டு மெல்லிய சூட்டில் வேகவைத்துப் பார்த்தார். விலை உயர்ந்த ஈரல் அடுப்பில் உருகி எடை இழந்துகொண்டிருந்ததுதான் காரணம். எடை குறைஞ்சா காசு குறையும்ங்கிற கவலை பிரான்சுலயும் அதேதான் போல.

சரி, நாட்டுக்கோழி ஏன் ரப்பர் ஆகுது? கடையில வர்ற பிராய்லருக்கு வயசு ஏறக்குறைய 40 நாள். நம்ம கோழிக்கு ஆறு மாசம், சிலதுக்கு ரெண்டு வருஷம். நடந்து, ஓடி, மரத்துல ஏறிப் படுத்த காலு அது. கால் கறியில இருக்கிற நார் (கொலாஜன்னு சொல்றாங்க) வயசாக ஆக இறுகும். அது கரைஞ்சு கொழகொழன்னு ஆகணும்னா சூடும் வேணும், நேரமும் வேணும். நெஞ்சுக்கறி அதுக்கு நேர்மாறு. அதுல நார் குறைவு. 65 டிகிரியைத் தாண்டினா சாறு வேகமா வெளியேறி சக்கை ஆயிடும். குக்கருக்குள்ள சூடு 120 டிகிரி வரைக்கும் போகுது. கால் வேகறதுக்குள்ள நெஞ்சு சக்கை, நெஞ்சு பதமா இருந்தா கால் ரப்பர். ஒரே கோழிக்குள்ள ரெண்டு விதமான கறி இருக்குன்னு எனக்கு இந்தத் தண்ணித் தொட்டிதான் காட்டிச்சு.

இப்ப நான் செய்யறது இதுதாங்க. எலும்பு எடுத்த நெஞ்சுக்கறிக்கு 63 டிகிரி, ஒன்றரையிலிருந்து ரெண்டு மணி நேரம். வயசான கோழியோட காலுக்கும் தொடைக்கும் 75 டிகிரி, பத்து மணி நேரம். எலும்பு உறையைக் குத்தும், அதனால ரெட்டை உறை. வாக்குவம் மெஷின் வேண்டாம். சூடு தாங்குற, உணவுக்கான ஜிப்லாக் உறையில கறியைப் போட்டு, வாயைத் திறந்தபடியே மெதுவா தண்ணிக்குள்ள இறக்குங்க. தண்ணி அமுக்குற அமுக்குல காத்து தானா மேல வந்துடும், அப்ப மூடிடலாம். மளிகைக்கடை கேரி பேக் கூடவே கூடாது.

பச்சை இஞ்சி அரைச்சு உறைக்குள்ள போடாதீங்க. ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் போடுவோமே, அந்த மாதிரி கறியைக் கரைக்கிற சத்து இஞ்சியிலயும் இருக்கு. 60 டிகிரி பக்கத்துல அது நல்லா வேலை செய்யும். கறி மாவா போயிடும். பூண்டோ பச்சை வாசத்தோடயே நிக்கும். உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகு போதும். மசாலாவைக் கடைசியில பார்த்துக்கலாம்.

ஏன்னா இந்தத் தண்ணியில கறி வேகும், ஆனா மணக்காது. சிவக்க வறுபட்ட வாசம் வர 140 டிகிரி பக்கம் சூடு வேணும். அதனால வெந்த கறியை எடுத்து ஈரம் துடைச்சு, இரும்பு வடச்சட்டியில கடலை எண்ணெய், சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலைன்னு பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி அஞ்சு நிமிஷம் புரட்டி எடுத்துருவோம். உறையில தேங்கின சாறு ரசத்துக்கு.

அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் போய் நாலு வருஷம் ஆச்சு. கறி ஆக்குனா குழம்பு மட்டும் ஊத்திக்குவாங்க. பத்து மணி நேரம் கிடந்த தொடைக்கறியை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. நெஞ்சுக்கறியை மட்டும் புரட்டிப் பார்த்து, "இது வெந்துதா இல்லையா கண்ணு?"ன்னு கேட்டு ஓரமா ஒதுக்கிட்டாங்க. அப்புறம் கருவியைப் பார்த்துட்டு, "நாங்க மண்சட்டியைத் தணல்ல வெச்சு மூடிட்டுக் காட்டுக்குப் போயிருவோம். அதுக்கு இத்தனை ஒயரா?"ன்னாங்க. அவங்க சொல்றது நிஜந்தான். ஆனா டவுன் அபார்ட்மென்ட்ல தணலுக்கு எங்க போறது?

கரண்ட் செலவுக்கு ஒரு கணக்கு. 15 லிட்டர் தண்ணியை 30-லிருந்து 75 டிகிரிக்குக் கொண்டுபோக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். அப்புறம் அந்தச் சூட்டைக் காப்பாத்தற செலவுதான். மூடி போட்டு, சுத்தியும் பழைய போர்வையைச் சுத்தி வெச்சா அதுவும் குறையும். கரண்ட் போய் வந்தா தெர்மாமீட்டரைப் பாருங்க. தண்ணி 60-க்கு மேல இருந்தா தொடரலாம். எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்ததுன்னு தெரியலைன்னா நாய்க்குக்கூட போடாம புதைச்சிருங்க. உடனே சாப்பிடலைன்னா உறையோட ஐஸ் தண்ணியில போட்டு ஆறவெச்சு ஃபிரிட்ஜுக்கு மாத்தணும். காத்தில்லாத இடத்துல செழிக்கிற கிருமியோட வித்துகள் இந்தச் சூட்டுல சாகாது. கோழியை 60 டிகிரிக்குக் கீழ சமைக்கவே வேண்டாம்.

கருவி வாங்கறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்க்கணுமா? மூடியோட ஒரு தெர்மாகோல் பெட்டியும் சமையல் தெர்மாமீட்டரும் போதும். கொதிதண்ணியும் பச்சைத் தண்ணியும் கலந்து 65 டிகிரிக்குக் கொண்டுவந்து, நாலு நாட்டுக்கோழி முட்டையை இறக்கி மூடுங்க. நடுவுல ரெண்டு தடவை பார்த்து, 63-க்குக் கீழ இறங்கினா கொஞ்சம் சுடுதண்ணி சேருங்க. ஒரு மணி நேரம் கழிச்சு உடைச்சா வெள்ளைக்கரு தளதளன்னு, மஞ்சள்கரு கெட்டித்தேன் மாதிரி நிக்கும். உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட்டுப் பாருங்க.

அது பிடிச்சுப்போனா அடுத்த தடவை கோழிக்காரர்கிட்ட வெடக்கோழிதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. முட்டை விட்டு ஓய்ஞ்ச கோழி இருக்கான்னு கேளுங்க. விலை குறைவு, ருசி ஜாஸ்தி. அதை வாங்க ஆள் இல்லாமத்தான் நாங்க தீவனம் போட்டுக்கிட்டே இருக்கோம்.