பூட்டிய அறையில் கற்ற பாடம்

இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் துறை நண்பர்கள் அறுவர் எங்கேனும் சென்றுவர எண்ணினோம். கடற்கரை என்றனர் சிலர். திரைப்படம் என்றனர் சிலர். இறுதியில் சென்னையிலுள்ள ‘எஸ்கேப் ரூம்’ எனும் புதிரறையைத் தேர்ந்தோம். 2007இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தக்காவோ கத்தோ தொடங்கிவைத்த விளையாட்டு இது. அறையினுள் மறைந்துள்ள குறிப்புகளைக் கண்டு, புதிர்களை அவிழ்த்து, குறித்த நேரத்துக்குள் வெளியேற வேண்டும்.

2019இல் போலந்து நாட்டில் இத்தகைய அறையொன்றில் நேர்ந்த தீவிபத்தில் சிறுமியர் ஐவர் மாண்டனர். ஆதலின், கட்டணம் கேட்குமுன் அவசர வழி உண்டா எனக் கேட்டோம். எந்நேரமும் உள்ளிருந்தே கதவைத் திறக்கலாம் என்று காட்டிய பின்னரே நுழைந்தோம்.

60 நிமிடங்கள். ஆளுக்கொரு மூலையில் தேடினோம். அனைவரும் ஒருசேரப் பேசினோம். வகுப்பில் அதிகம் வாய் திறவாத தோழர் ஒருவர், “நின்றுபோன கடிகாரம் காட்டும் நேரமே பூட்டின் எண்” என்று இருமுறை சொன்னார். எவரும் செவிசாய்க்கவில்லை. மூன்றாம் முறை சொன்னபோது ஐந்து நிமிடங்களே எஞ்சியிருந்தன. பெட்டி திறந்தது, அதனுள் இருந்த கடைசிப் புதிருக்கு நேரம் போதவில்லை.

தோற்றோம், ஆயினும் சிரித்தவாறே வெளிவந்தோம். தேநீர்க் கடையில் அவரைப் பேசச் சொல்லி ஐவரும் கேட்டிருந்தோம். மூன்றாண்டுகள் உடன் பயின்றவரின் குரலை அன்றுதான் முழுமையாகக் கேட்டோம்.